கிளாமிஸ் மணல்மேட்டில் பாராமோட்டார் ஃப்ளை-இன்: போகலாமா?

கேள்வி: பாலைவனத்தில் நடக்கும் பாராமோட்டார் ஃப்ளை-இன்னுக்குப் போயிருக்கிறீர்களா? அங்கே என்னதான் நடக்கும்? பறக்கக் கற்றுக்கொண்டு சில மாதங்களே ஆன ஒருவர் குடும்பத்தோடு போகலாமா?

போயிருக்கிறேன், இரண்டு குளிர்காலம். நான் இருப்பது சான் டியேகோவில். அங்கிருந்து கிழக்கே மூன்று மணி நேரம் காரில் போனால் கிளாமிஸ், கலிஃபோர்னியாவின் தென்கிழக்கு மூலையில் உள்ள மணல்மேட்டுப் பகுதி. முதல் முறை போனபோது நான் பறக்கக் கற்று ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. என் நோட்டில் மொத்தம் 22 பறப்புகள். அதனால் நீங்கள் கேட்பது அன்றைக்கு நானே பலரிடம் கேட்ட கேள்வி.

பாராமோட்டார் பார்த்திராதவர்களுக்காக இரண்டு வரி. முதுகில் மாட்டிக்கொள்ளும் கூண்டுக்குள் ஒரு டூ-ஸ்ட்ரோக் என்ஜினும் ப்ரொப்பெல்லரும். எடை 25 முதல் 30 கிலோ. தலைக்கு மேலே பாராகிளைடர் போலவே துணி இறக்கை, நாங்கள் விங் என்போம். ஓடிக் கிளம்ப வேண்டும், காலூன்றி இறங்க வேண்டும். வேகம் மணிக்கு 40, 50 கிலோமீட்டர். ஃப்ளை-இன் என்பது போட்டி கிடையாது. பறப்பவர்கள் ஓரிடத்தில் கூடி, கூடாரம் போட்டு, சில நாள் சேர்ந்து பறப்பது. அவ்வளவுதான்.

சான் டியேகோவிலிருந்து போகும் சாலை 1,200 மீட்டருக்கு மேல் மலையேறி, அப்புறம் விறுவிறுவென்று இறங்கி, எல் சென்ட்ரோவில் கடல் மட்டத்துக்கும் கீழே போய்விடும். இம்பீரியல் பள்ளத்தாக்கு முழுக்கக் கொலராடோ ஆற்றுத் தண்ணீரில் விளையும் கீரையும் குதிரைமசாலும். அந்தப் பச்சை ஒரு வாய்க்காலோடு சட்டென்று நின்றுபோகும். அதற்கப்பால் மணல். அல்கொடோனஸ் மணல்மேடுகள் என்று பெயர். நீளம் 70 கிலோமீட்டருக்குக் குறையாது, சில மேடுகள் 90 மீட்டர் உயரம். பழங்காலத்தில் இங்கே இருந்து வற்றிப்போன கவீயா என்ற பெரிய ஏரியின் கரை மணலைக் காற்று அள்ளிவந்து கொட்டியது இது. கிழக்கு ஓரத்தில் ரயில் பாதை. இரவு கூடாரத்தில் படுத்திருக்கும்போது சரக்கு ரயில் போனால் முதுகுக்கு அடியில் மணல் அதிர்வது தெரியும்.

பறப்பதற்கு ஏன் பாலைவனம்? மின்கம்பி இல்லை, மரம் இல்லை, வீடு இல்லை. என்ஜின் நின்றுவிட்டாலும் எங்காவது இறங்கிவிடலாம். குளிர்காலக் காலையில் காற்று அசையாமல் கிடக்கும். ஆனால் இதை மட்டும் நம்பி வந்துவிடாதீர்கள். பத்து, பத்தரை மணிக்கு மணல் சூடேறத் தொடங்கினால் அதே இடம் வேறு இடமாகிவிடும். சூடான காற்று திட்டுத்திட்டாக மேலே கிளம்பும். ஊரில் பேய்க்காற்று என்பார்களே, அந்தச் சுழல் திடீரென்று எழுந்து புழுதியைத் தூணாக நிறுத்தும். துணி இறக்கைக்கு அதைவிட மோசமான எதிரி இல்லை. வளர்ந்த ஆளும் நிற்க முடியாதபடி விரித்து வைத்த விங்கை ஆளோடு இழுத்துப் போய்விடும். அதனால் காலையில் இரண்டு மூன்று மணி நேரம், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம், இவ்வளவுதான் பறப்பு. நடுவில் ஆறேழு மணி நேரம் எல்லோரும் தரையில்தான் இருப்பார்கள்.

முதல் முறை அந்தத் தரை நேரம் எனக்கு வீணாகத் தெரிந்தது. இப்போது யாராவது கேட்டால், அதற்காகவே போங்கள் என்பேன்.

ஏன் என்று சொல்கிறேன். முதல் நாள் விடியற்காலை, வெப்பம் ஐந்து டிகிரி. காற்றின் திசை காட்டும் துணிப்பை கம்பத்தோடு ஒட்டித் தொங்குகிறது. காற்றே இல்லாவிட்டால் கிளம்புவது இன்னும் கஷ்டம். விங்கைப் பின்னால் குதிரை லாட வடிவில் விரித்து வைத்துவிட்டு, விங்கின் கயிறுகள் வந்து சேரும் பட்டைகளில் முன்பக்கத்தவற்றை (ரைசர் என்போம்) கையில் பிடித்துக்கொண்டு, முழு எடையோடு ஓட வேண்டும். நம் ஓட்டம்தான் அதற்குக் காற்று. நான் பழகியது புல்வெளியில். இங்கே கணுக்கால் வரை மணல் புதைகிறது. முதல் முறை விங் பாதி எழுந்து பின்னால் விழுந்தது. இரண்டாவது முறை ஒரு பக்கமாகச் சாய்ந்தது. மூன்றாவது முறை நானே முழங்காலில் விழுந்தேன். அதற்குள் தலைக்கு மேலே பத்துப் பதினைந்து பேர் போய்க்கொண்டிருக்கிறார்கள். எனக்கு வியர்த்துக் கொட்டுகிறது. மோட்டாரைக் கழற்றி வைத்து, ஜாக்கெட்டைத் தூக்கிப் போட்டு, விங்கைத் திரும்ப விரித்து, மோட்டாரை மாட்டி, மார்புப் பட்டையைப் பூட்டி, என்ஜினைக் கிளப்பிவிட்டேன்.

முப்பது அடி தள்ளி ஒரு மடக்கு நாற்காலியில் பெரியவர் ஒருவர் காபிக் கோப்பையோடு உட்கார்ந்திருந்தார். அவர் எழுந்து, இரண்டு கையையும் தலைக்கு மேல் குறுக்கும் நெடுக்குமாக ஆட்டிக்கொண்டு எனக்கு நேர் எதிரே வந்தார். ப்ரொப்பெல்லர் சுற்றும்போது யாரும் பக்கவாட்டிலோ பின்னாலோ வர மாட்டார்கள். கழுத்தில் கையை வைத்து அறுப்பது போலக் காட்டினார், என்ஜினை நிறுத்து என்று. நிறுத்தினேன். அவர் ஒன்றும் பேசவில்லை. குனிந்து என் இடது தொடைக்கருகில் தொங்கிய கொக்கியைத் தூக்கி என் முகத்துக்கு நேரே காட்டினார். கொக்கியின் வாயில் மணல் நிறைந்திருந்தது. வலது காலிலும் அப்படியே. இரண்டு கால் பட்டையையும் நான் பூட்டவே இல்லை.

பறக்காதவர்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். ஹார்னஸில், அதாவது உடம்பில் மாட்டிக்கொள்ளும் இருக்கையில், நம்மைத் தாங்குவதே கால் பட்டைகள்தான். தரையில் ஓடும்போது வித்தியாசமே தெரியாது. கால் தரையை விட்டதும் உடம்பு கீழே நழுவி, மார்புப் பட்டையில் அக்குளோடு தொங்க வேண்டியதுதான். பிரேக் கைப்பிடியை இழுக்கவும் முடியாது, இறங்கவும் முடியாது. இப்படி இறந்தவர்கள் இருக்கிறார்கள், அனுபவசாலிகளும் சேர்த்து. அவசரமும் தோல்வியும் சேர்ந்தால் வருகிற தவறு இது. தனியாக ஏதாவது வயலில் பறந்திருந்தால் அன்று காலை என்னை நிறுத்த யாரும் இல்லை.

நன்றி சொல்லப் போனேன். முழங்கால் போய்விட்டதால் அவர் பறப்பதை நிறுத்திப் பல வருடம் ஆகிறதாம். "இதைப் பார்க்கத்தான் காலையில் இங்கே வந்து உட்கார்கிறேன்" என்றார். மணலை ஊதிவிட்டுக் கொக்கியை அவரே பூட்டினார். நான் அன்று காலை பறக்கவில்லை. அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து மற்றவர்கள் கிளம்புவதைப் பார்த்தேன். யார் விங் சரியாகத் தலைக்கு மேல் வரும் முன்பே என்ஜின் வேகத்தைக் கூட்டும் த்ராட்டிலை அமுக்குகிறார்கள், யார் பாதி ஓட்டத்திலேயே ஹார்னஸில் உட்கார்ந்துவிடுகிறார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நானும் அந்த இரண்டு தவறையும் செய்துகொண்டிருந்தேன். பகலில் ஒருவர் வந்து என்ஜின் இல்லாமல் வெறும் விங்கை மட்டும் நிமிர்த்திப் பிடிக்கும் பயிற்சியை ஒரு மணி நேரம் என்னோடு செய்தார். மணல் இறுகிக் கிடக்கும் சமதளத்தைக் காட்டி இங்கிருந்து ஓடு என்றார் இன்னொருவர். சாயங்காலம் முதல் முயற்சியிலேயே கிளம்பினேன்.

மேலே போனதும் என்ன தெரியும் என்று கேட்பீர்கள். சாயங்கால வெயிலில் ஒவ்வொரு மேட்டுக்கும் ஒரு பக்கம் பொன்னிறம், மறுபக்கம் நீல நிழல். முகடுகள் கத்தி வைத்துக் கீறியது போல நெளிந்து தெற்கே மெக்சிகோ எல்லை வரை போகின்றன. 150 மீட்டர் உயரத்தில் என்ஜினைக் குறைத்துக்கொண்டு ஒரு முறை எண்ணினேன்: 37 விங்குகள். சிவப்பு, மஞ்சள், ஊதா. என் நிழலே மணலில் என் கூடவே ஓடி, மேட்டில் ஏறி, பள்ளத்தில் நீண்டு, திரும்ப ஏறியது. அந்த இருபது நிமிஷத்தில் நான் ஒரு வார்த்தைகூட மனசுக்குள் நினைத்த ஞாபகம் இல்லை.

அந்த நிழல் வெறும் அழகு மட்டும் இல்லை. வெயில் உச்சிக்கு வந்துவிட்டால் மணலில் நிழல் குறைந்துவிடும், மேடு எது பள்ளம் எது என்று கண்ணுக்குப் பிடிபடாது, தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்றும் தெரியாது. முகட்டில் கால் உரசிப் பறப்பவர்களைப் பார்த்து ஆசை வரும், எனக்கும் வந்தது. காற்று வீசும்போது மேட்டின் மறுபக்கத்தில் காற்று கீழே சுருண்டு விழும். தாழப் பறப்பவரை அது தரையோடு அமுக்கிவிடும். ஒருவருக்குப் பின்னால் போவதும் அப்படித்தான். முன்னே போகிற விங் விட்டுச்செல்லும் சுழலில் நுழைந்தால் நம் விங் உதறும். உங்கள் முதல் ஃப்ளை-இன் என்றால் எல்லோருக்கும் பின்னால் கிளம்பி, தள்ளியே பறங்கள்.

மணல் என்ஜினையும் விடாது. என் பறப்பு ஒன்றில் கார்புரேட்டர் அடைத்து மேட்டுக்கு நடுவே என்ஜின் நின்றது. பத்திரமாக ஒரு கிண்ணம் போன்ற பள்ளத்தில் இறங்கினேன். வெளியே வர 30 கிலோவைத் தூக்கிக்கொண்டு ஏறியபோதுதான் மணல்மேடு என்றால் என்னவென்று புரிந்தது. இரண்டடி வைத்தால் ஒன்றரை அடி சறுக்கும். பக்கி என்ற மணல் வண்டி ஓட்டிக்கொண்டு வந்த ஒரு குடும்பம் ஏற்றிக்கொண்டு வந்து விட்டார்கள். அதிலிருந்து மோட்டாரைப் பழைய பாய் ஒன்றின் மேல்தான் வைக்கிறேன், என்ஜினைத் தரையில் வைத்துக் கிளப்புவதில்லை. விங்கின் ஓரங்களில் உள்ள அறைகளில் மணல் சேரும். ஒரு கைப்பிடி சேர்ந்தாலே விங் எழச் சோம்பும், துணியின் பூச்சும் தேயும். ஒவ்வொரு நாளும் தலைகீழாகப் பிடித்து உதறுங்கள். கையில் தண்ணீரும் ரேடியோவும் இல்லாமல் மேட்டுப் பக்கம் போகாதீர்கள்.

சட்ட விஷயம் சுருக்கமாக. அமெரிக்காவில் இதற்கு லைசென்ஸ் தேவையில்லை. 1982-இல் வந்த பகுதி 103 என்ற விதிதான் எல்லாம்: ஒருவர் மட்டுமே பறக்கலாம், பறக்கும் கருவியின் எடை 254 பவுண்டுக்குள், அதாவது சுமார் 115 கிலோவுக்குள் இருக்க வேண்டும், எரிபொருள் 5 கேலனுக்கு மேல் கூடாது, பகல் வெளிச்சத்தில்தான் பறக்க வேண்டும். திறந்தவெளியில் மக்கள் கூடியிருக்கும் இடத்துக்கு மேலே பறக்கக் கூடாது என்பதும் அதில் இருக்கிறது. முகாமே ஒரு கூட்டம்தான், ஆகவே நம் கூடாரங்களுக்கு மேலே பறந்து கையாட்டுவதும் தப்பு. கிளாமிஸில் இன்னும் இரண்டு கவனம் வேண்டும். வடகிழக்கே சாக்லேட் மலைத்தொடரில் ராணுவத்தின் குண்டுவீச்சுப் பயிற்சிக் களம். அந்த வான்பகுதிக்குள் தப்பித் தவறியும் நுழையக் கூடாது. நெடுஞ்சாலை 78-க்கு வடக்கே உள்ள மணல்மேடுகளில் பெரும்பகுதி 1994 முதல் பாதுகாக்கப்பட்ட இயற்கைப் பகுதி, மோட்டாரோடு அங்கே இறங்கக் கூடாது. லைசென்ஸ் வேண்டாம் என்பதால் பயிற்சியும் வேண்டாம் என்று நினைத்து யூடியூப் பார்த்துக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

சில மாதமே ஆனவர் போகலாமா என்றீர்கள். போகலாம். ஒரு காலையும் பறக்காமல் திரும்பினாலும் சரி என்ற முடிவோடு போங்கள். காலையில் நடக்கும் விமானிகள் கூட்டத்தைத் தவறவிடாதீர்கள். எந்தப் பக்கம் சுற்ற வேண்டும், எங்கே இறங்க வேண்டும் என்று அங்கேதான் சொல்வார்கள். புதியவன் என்று வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள், அதைச் சொன்ன பிறகுதான் எனக்கு எல்லோரும் உதவினார்கள்.

குடும்பத்தோடும் தாராளமாகப் போகலாம். தண்ணீர் நீங்களே கொண்டுபோக வேண்டும், ஆளுக்கு ஒரு நாளைக்கு நான்கு லிட்டராவது. இரவுக்குக் கம்பளி கட்டாயம். மணல்மேட்டில் பக்கிகளும் குவாட் பைக்குகளும் பாய்ந்து வரும், குழந்தைகளை முகட்டுக்கு மறுபக்கம் தனியே விடாதீர்கள். என்ஜின் ஓடும் இடத்துக்கு அவர்களை எந்தப் பக்கத்திலிருந்து கூட்டி வரலாம் என்பதை முதல் நாளே காட்டிவிடுங்கள். இரண்டாவது வருடம் மனைவியும் ஒன்பது வயது மகளும் வந்திருந்தார்கள். அந்தப் பெரியவரின் நாற்காலிக்குப் பக்கத்திலேயே நாங்களும் ஜமுக்காளம் விரித்திருந்தோம், ஃப்ளாஸ்க்கில் டீயோடு. ஒவ்வொருவராக ஓட ஆயத்தமாகும்போது என் மகள் கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டுச் சொல்வாள்: "அப்பா, மஞ்சள் விங் அங்கிள் ரெண்டு காலும் மாட்டிட்டாரு."