மழையில் லைன் போனால் அன்சிபிளை என்ன செய்வது?

கேள்வி: கோத்தகிரி, குன்னூர், கூடலூர் என மூன்று ஊர்களில் எங்களுக்குத் தேயிலைத் தொழிற்சாலைகள். கொழுந்து எடை, விவசாயிகளுக்கான பட்டுவாடா எல்லாம் அங்கங்கே உள்ள லினக்ஸ் சர்வர்களில் ஓடுகின்றன. கோத்தகிரி அலுவலகத்திலிருந்து அன்சிபிள் (பல சர்வர்களை ஒரே இடத்திலிருந்து அமைக்கும் கருவி) வழியாக மாற்றங்களை அனுப்புகிறேன். மழை வந்தால் பாதியில் இணைய லைன் போய்விடுகிறது. இதே வேலையைச் செய்யும் பப்பெட் என்ற கருவிக்கு மாறிவிடலாமா?

பதில்: மாற வேண்டாம். வேலை போகிற திசையை மட்டும் மாற்றுங்கள்.

இப்போது உங்கள் கணினி எஸ்எஸ்ஹெச் (தொலைவிலிருந்து சர்வருக்குள் நுழையும் பாதுகாப்பான வழி) மூலம் ஒவ்வொரு சர்வருக்கும் வேலையைத் தள்ளுகிறது. நடுவில் லைன் போனால் அந்த சர்வரை ‘அன்ரீச்சபிள்’ (எட்ட முடியவில்லை) என்று குறித்துவிட்டு மிச்சத்தை அப்படியே விட்டுவிடும். பப்பெட்டில், சர்வரில் இருக்கும் ஏஜென்ட் என்ற நிரலே வழக்கமாக 30 நிமிடத்துக்கு ஒருமுறை மையத்தைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். உங்களுக்குத் தேவை இந்தக் குணம்தான். அது அன்சிபிள்-புல் என்ற பெயரில் அன்சிபிளிலேயே இருக்கிறது. ஒவ்வொரு சர்வரிலும் அன்சிபிளை நிறுவி, கிரானில் (குறித்த நேரத்தில் வேலைகளை ஓட்டும் லினக்ஸ் வசதி) அரைமணிக்கு ஒருமுறை ஓடவிடுங்கள். உங்கள் கிட் களஞ்சியத்திலிருந்து (கோப்புகளையும் அவற்றின் மாற்றங்களையும் பதிந்து வைக்கும் இடம்) ப்ளேபுக்கை (செய்ய வேண்டிய வேலைகளின் பட்டியல்) இறக்கித் தனக்குத் தானே ஓட்டிக்கொள்ளும். ஆடியில் கூடலூருக்கும் ஐப்பசியில் கோத்தகிரிக்கும் லைன் போனாலும், களஞ்சியத்தின் பிரதி இறங்கிவிட்டால் வேலை பாதியில் நிற்காது. புதிய பேக்கேஜ்களுக்கு மட்டும் இணையம் வேண்டும். அவற்றுக்குத் தொழிற்சாலையிலேயே ஒரு கேஷ் (இறக்கியவற்றின் உள்ளூர்ச் சேமிப்பு) வைத்துக்கொள்வது நல்லது.

இதில் பலர் தடுக்கி விழுகிற இடம் ஒன்று உண்டு. ‘ஒன்லி-இஃப்-சேஞ்ச்ட்’ ஆப்ஷனைப் போட்டால், களஞ்சியத்தில் மாற்றம் இருந்தால்தான் ப்ளேபுக் ஓடும். சிக்கனமாகத் தெரியும். ஆனால் முந்தைய ஓட்டம் பாதியில் தோற்றிருந்தால், அடுத்த முறை ‘மாற்றமில்லை’ என்று சும்மா இருந்துவிடும். மலையில் அதைப் போடவே வேண்டாம். ‘ஃபோர்ஸ்’ போடுங்கள், களஞ்சியத்தை எட்ட முடியாவிட்டாலும் கையிலுள்ள பழைய பிரதியை வைத்து ஓடும்.

சரி, இப்படித் திரும்பத் திரும்ப ஓடுவதை உங்கள் ப்ளேபுக் தாங்குமா? அதை முதலில் பாருங்கள். ஒரு கோப்பின் கடைசியில் வரி சேர்க்க ஷெல் மாட்யூலை (கொடுத்த கட்டளையை அப்படியே ஓட்டும் அன்சிபிள் பகுதி) எழுதியிருந்தால், ஒரே நாளில் அதே வரி 48 முறை சேர்ந்துவிடும். அங்கே லைன்-இன்-ஃபைல் மாட்யூல் வேண்டும்: வரி இருந்தால் தொடாது, இல்லாவிட்டால் சேர்க்கும். ஷெல், கமாண்ட் என்று வரும் இடங்களை எல்லாம் தேடிப் பிடித்து இப்படித் திருத்துங்கள். என் அனுபவத்தில் பெரிய வேலை இதுதான், அவசரப்படாதீர்கள்.

ரகசியங்களைப் பூட்டி வைக்கும் அன்சிபிள் வால்ட்டின் கடவுச்சொல் கோப்பு இனி எல்லா சர்வரிலும் இருக்கும், ரூட் (சர்வரின் முழு உரிமையுள்ள பயனர்) மட்டும் படிக்கும்படி வையுங்கள்.

அப்புறம், ஒரு தவறான கமிட் (களஞ்சியத்தில் பதியும் மாற்றம்) இனி அரைமணிக்குள் மூன்று ஊருக்கும் போய்ச் சேர்ந்துவிடும். அதனால் சோதனைக்கென்று களஞ்சியத்தில் தனிக் கிளை (பிராஞ்ச்) வைத்து, கோத்தகிரி சர்வரை மட்டும் அதைப் பார்க்கவிடுங்கள். ஃபயர்வால் விதி தப்பாகி உள்ளே நுழைய முடியாமல் போனால், அங்கே நேரில் போய் உட்கார்ந்து சரிசெய்துவிடலாம். கூடலூர் என்றால் ஊட்டியைத் தாண்டிப் போய்வர ஒரு முழு நாள் ஆகிவிடும்.