டொரன்டோவில் வீட்டு ஏஜென்ட் ஆக நினைக்கும் மடிப்பாக்கத்துத் தம்பிக்கு

தம்பி, டொரன்டோவில் வீட்டு ஏஜென்டாக இருக்கும் நான் இப்போது சென்னைக்கு வந்திருக்கிறேன். நீங்கள் கேட்டதைச் சுருக்கிச் சொன்னால் இதுதான். மடிப்பாக்கத்திலிருந்து டொரன்டோ போய்ப் படித்து முடித்திருக்கிறீர்கள். படிப்புக்குப் பின் தரும் ஒர்க் பெர்மிட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் அலுவலகத்தில் எட்டு மாதமாக வேலை. எக்செல் தட்டித் தட்டிச் சலித்துவிட்டது. ஸ்கார்பரோவில் நம் தமிழ் ஏஜென்ட்கள் பெரிய காரில் போவதைப் பார்த்து, வேலையை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட் லைசென்ஸ் எடுக்கலாமா என்று கேட்கிறீர்கள். எந்தப் புரோக்கரேஜில், அதாவது எந்த ஏஜென்ட் நிறுவனத்தில் சேரலாம், என்ன கார் வாங்கலாம், சென்னை மனைகளையும் அங்கிருந்தபடியே விற்கலாமா என்று துணைக் கேள்விகள் வேறு.

துணைக் கேள்விகள் கிடக்கட்டும். கார் ஏதாவது ஒன்று, ஹீட்டர் ஒழுங்காக வேலை செய்தால் போதும். சென்னை மனை விற்கும் யோசனையை இப்போதே மறந்துவிடுங்கள். பட்டாவும் வில்லங்கச் சான்றிதழும் பார்க்கத் தெரியாமல் அங்கே உட்கார்ந்துகொண்டு இங்கே மனை விற்றவர்கள் எத்தனை கல்யாண வீடுகளில் தலைகாட்ட முடியாமல் திரிகிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

இப்போது விஷயம். உங்கள் கேள்வியில் நீங்கள் ஒரு வரிகூட எழுதாத ஒன்று இருக்கிறது: பி.ஆர். ஒர்க் பெர்மிட் முடிவதற்குள் நிரந்தர வசிப்புரிமை வாங்கியாக வேண்டும், இல்லையா? உங்களைப் போன்றவர்கள் பெரும்பாலும் நம்பியிருப்பது கனேடியன் எக்ஸ்பீரியன்ஸ் கிளாஸ் என்ற குடியேற்றத் திட்டத்தை. அதற்குக் கனடாவில் ஒரு வருட அனுபவம் வேண்டும், அதுவும் சம்பளத்துக்கு வேலை பார்த்த அனுபவம். சுயதொழில் கணக்கில் வராது. ஒன்டாரியோவில் வீட்டு ஏஜென்ட் என்பவர் அநேகமாக எல்லா இடத்திலும் சுயதொழில்காரர்தான். புரோக்கரேஜின் பெயரை விசிட்டிங் கார்டில் போட்டுக்கொண்டாலும் அது உங்களுக்குச் சம்பளம் தரும் முதலாளி இல்லை. ஆக, எட்டு மாதத்தில் வேலையை விட்டீர்கள் என்றால், ஒரு வருடம் முடிய இன்னும் நாலே மாதம் இருக்கும்போது இறங்கிவிடுகிறீர்கள். அதற்கப்புறம் நீங்கள் நூறு வீடு விற்றாலும் அந்த வழியில் ஒரு நாள் அனுபவம்கூடச் சேராது. ஒர்க் பெர்மிட்டோ ஒரு தடவைதான். இதை லைசென்ஸ் படிப்பில் சொல்லித்தர மாட்டார்கள். உங்களைச் சேரச் சொல்லிக் கூப்பிடும் புரோக்கரேஜ் மேனேஜரும் சொல்ல மாட்டார். அவருக்கு அது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. பி.ஆர். கையில் வரும்வரை எக்செல்லே தெய்வம் என்று இருங்கள்.

சரி, பி.ஆர். வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். அப்புறமும் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2021-ல் டொரன்டோ வட்டாரத்தில் விற்ற வீடுகள் 1,21,000-க்கு மேல், அதுவரை இல்லாத சாதனை. 2023-ல் அது 66,000 அளவுக்கு விழுந்தது. அந்த வட்டார ரியல் எஸ்டேட் போர்டில் உறுப்பினராக இருக்கும் ஏஜென்ட்கள் 70,000-க்கு மேல். ஒரு விற்பனைக்கு வாங்குபவர் பக்கம் ஒருவர், விற்பவர் பக்கம் ஒருவர் என்று இரண்டு பேருக்கு வேலை. அப்படிப் பார்த்தாலும் வருடத்துக்கு ஆளுக்கு இரண்டு கூட வராது. அதிலும் பஸ் பெஞ்சில் முகம் போட்டிருக்கும் பெரிய கைகள் ஐம்பது, நூறு என்று அள்ளிக்கொண்டு போனது போக மிச்சம்தான் மற்றவர்களுக்கு. நீங்கள் பெரிய காரில் பார்த்தது அந்தப் பெரிய கைகளை. மாதத் தவணையில் எடுத்த காரை ஓட்டிக்கொண்டு, இரவில் கிடங்கில் பெட்டி தூக்கும் லைசென்ஸ்காரர்களும் அதே 401 நெடுஞ்சாலையில்தான் போகிறார்கள். அவர்களைப் பார்த்து நீங்கள் கேள்வி எழுதியிருக்க மாட்டீர்கள்.

ஒரு வீடு விற்றால் என்ன மிஞ்சும்? எட்டு லட்சம் டாலர் வீடு, வாங்குபவர் பக்கம் இரண்டரை சதவீதம் கமிஷன் என்றால் இருபதாயிரம். கேட்கவே நன்றாக இருக்கிறது. அது நேராக உங்கள் கைக்கு வராது, புரோக்கரேஜுக்குத்தான் போகும். எண்பதுக்கு இருபது என்று ஒப்பந்தம் என்றால் நாலாயிரம் அங்கே நின்றுவிடும். மிச்சம் பதினாறாயிரத்தில் வருமான வரி உண்டு. ஓய்வூதியத்துக்கு முதலாளி போடும் பங்கையும் நீங்களே போட வேண்டும். பெட்ரோல், போட்டோ, போர்டு சந்தா, லைசென்ஸ் கட்டணம் எல்லாம் உங்கள் தலையில். வரவு முப்பதாயிரத்தைத் தாண்டினால் ஹெச்.எஸ்.டி. என்ற விற்பனை வரிக்குப் பதிவு செய்து 13 சதவீதம் வாங்கி அரசாங்கத்துக்குக் கட்ட வேண்டும். அந்தப் பதின்மூன்றைத் தன் காசு என்று நினைத்துச் செலவழித்துவிட்டு ஏப்ரலில் விழிக்கிறவர்கள் வருஷாவருஷம் உண்டு. இதெல்லாம் போக, வீடு வாங்கிய நம்மவர் புன்சிரிப்போடு ஒன்று கேட்பார் பாருங்கள்: "நமக்கு எவ்வளவு திருப்பித் தருவீங்க?"

இந்த இடத்தில் நான் கொஞ்சம் கோபப்பட்டுக்கொள்கிறேன். சென்னையிலிருந்து போன சாஃப்ட்வேர் ஆட்களுக்கு நாற்பது வீடு காட்டியிருக்கிறேன். ஒவ்வொரு வீட்டுக்கும் எக்செல்லில் ஒரு வரி போட்டு, பள்ளிக்கூட மதிப்பெண், ரயில் நிலையத் தூரம், சொத்து வரி எல்லாம் எழுதிக்கொள்வார்கள். வண்டி நிறுத்தும் இடத்தில் நின்று போனில் திசைகாட்டியைத் திறந்து வாசல் வடகிழக்கா என்று பார்ப்பார்கள். வீட்டு எண்ணைக் கூட்டினால் எட்டு வருகிறது என்று திரும்பிப் போனவர்கள் உண்டு. கடைசியில் ஒருநாள் பில்டரிடம் நேராகப் போய்ப் புது வீடு புக் பண்ணிவிட்டு, கிரகப்பிரவேசத்துக்கு மட்டும் மறக்காமல் கூப்பிடுவார்கள். நானும் போய்ச் சாப்பிட்டுவிட்டு வருவேன். வேறென்ன செய்ய?

அப்புறம் காலம். ஆஃபர் ஒப்புக்கொண்ட அன்றைக்கு ஒரு பைசாவும் வராது. பணமும் சாவியும் கைமாறும் குளோசிங் இரண்டு மூன்று மாதம் கழித்துத்தான். லைசென்ஸ் எடுக்கப் படிப்பு, பரீட்சை, பிறகு பதிவு. முதல் வாடிக்கையாளர் கிடைத்து, அவர் முடிவெடுத்து, வங்கி கடன் கொடுத்து, சாவி கைமாறும்போது முழுசாக ஒரு வருடம் ஓடியிருக்கும். நான் அலுவலக வேலையை விட்டது என் மனைவிக்கு ஆஸ்பத்திரியில் நிரந்தர வேலை கிடைத்த பிறகுதான். அவள் சம்பளம் வீட்டுக் கடனுக்கும், அவள் இன்ஷூரன்ஸ் பிள்ளைகளின் பல் வைத்தியத்துக்கும். நான் ஏஜென்ட் ஆனேன் என்று ஊரில் சொல்வார்கள். உண்மையில் அவள் வேலைக்குப் போனாள், நான் வீடு காட்டினேன். உங்கள் வீட்டில் இன்னொரு சம்பளம் இல்லை என்றால், ஒன்றரை வருடச் செலவு வங்கியில் தூங்குகிறதா என்று பாருங்கள். சுயதொழிலுக்கு மாறியதும் வங்கிகள் இரண்டு வருட வரிக் கணக்கு கேட்கும். உங்களுக்கே வீடு வாங்கும் எண்ணம் இருந்தால் சம்பளக்காரராக இருக்கும்போதே வாங்கிவிடுங்கள். வீடு விற்கிறவனுக்கு வீட்டுக் கடன் கிடைக்காத கூத்து அங்கே சர்வ சாதாரணம்.

சந்தை எப்படித் திரும்பும் என்பதற்கு 2022 ஒன்று போதும். மார்ச் தொடக்கம்வரை பேங்க் ஆஃப் கனடாவின் வட்டி 0.25 சதவீதம். அடுத்த வருடம் ஜூலையில் 5 சதவீதம். பிப்ரவரியில் போட்டி போட்டுக்கொண்டு, கடன் கிடைத்தால்தான் வாங்குவேன் என்ற நிபந்தனைகூட இல்லாமல் எழுதிக்கொடுத்தவர்கள் மே மாதம் குளோசிங்குக்கு வந்தார்கள். அதற்குள் வங்கி அந்த வீட்டை மதிப்பிட்டபோது தொகை இறங்கியிருந்தது. வித்தியாசத்தைக் கையிலிருந்து போட வேண்டும். இரவு ஷிப்ட் பார்க்கும் ஒரு தம்பதி, இன்னொரு ஏஜென்ட் மூலம் வாங்கியவர்கள், என் சமையலறை மேஜையில் பைலைப் பரப்பி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மா கையில் இரண்டு வளையலைக் கழற்றி வைத்துக்கொண்டு ஊரில் விற்றால் எவ்வளவு வரும் என்று கேட்டார். அவர்களுடைய ஏஜென்ட் போனை எடுக்கவில்லை. வக்கீலைப் பிடித்து, சொந்தக்காரர்களிடம் புரட்டி எப்படியோ முடித்தார்கள். இந்தத் தொழிலில் உங்கள் போன் அடிப்பதில் பாதி இந்த மாதிரிதான் இருக்கும்.

நான் இதை மாம்பலத்தில் அம்மா வீட்டிலிருந்து எழுதுகிறேன். டிசம்பரில் அங்கே சந்தை படுத்துவிடும், அதனால்தான் வருஷாவருஷம் மார்கழிக்கு வர முடிகிறது. நேரம் பத்தரை மணி வித்தியாசம். அங்கே சாயங்காலம் ஆறு மணிக்கு ஒருவருக்கு வீடு வாங்கும் ஆசை வந்தால் இங்கே எனக்கு விடிகாலை நாலரைக்கு போன் அடிக்கும். விடுமுறை என்று சொல்லிக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

ஆரிய கவுடா ரோடில் ஒரு டீக்கடை ஓரம் எங்கள் ஏரியா புரோக்கர் மாமா இன்றைக்கும் நிற்கிறார். சட்டைப்பையில் மடித்த டைரி, டி.வி.எஸ். வண்டியின் கைப்பிடியில் சாவிக் கொத்து. ஒவ்வொரு சாவியிலும் நூலில் கட்டிய அட்டைத் துண்டு, அதில் பால்பாயின்ட் பேனாவால் தெருப் பெயரின் முதல் எழுத்து. வாடகைக்கு ஒரு மாதத் தொகை கமிஷன். குடிவருகிறவரிடம் அவர் கேட்கும் முதல் கேள்வி "சைவமா?" என்பது, இரண்டாவது "பேச்சிலரா?" என்பது. அதையே ஒன்டாரியோவில் நான் கேட்டால் மனித உரிமைச் சட்டப்படி வம்பு. மதம், பிறந்த நாடு, குழந்தை குட்டி இருக்கிறதா, அரசு உதவித்தொகை வாங்குகிறாரா என்று எதை வைத்தும் வாடகைக்கு மறுக்க முடியாது. வீட்டுக்காரரோடு ஒரே சமையலறையோ குளியலறையோ பங்கு போட்டுக்கொண்டால் மட்டும் விலக்கு. ஆனாலும் நம்மவர்கள் பேஸ்மென்டை வாடகைக்கு விடும்போது "நம்ம ஆளுங்களா பார்த்துக் கொடுங்க" என்று காதோடு சொல்வார்கள். நீங்கள் ஏஜென்ட் ஆனால் இதைத்தான் முதலில் மறுக்கப் பழக வேண்டும். மறுத்தால் கோபித்துக்கொண்டு வேறு ஏஜென்டிடம் போவார்கள். போகட்டும், லைசென்ஸ் உங்களுடையது.

புரோக்கரேஜ் பற்றி ஒரே வரி: மாதாமாதம் மேஜைக் கட்டணம் கேட்கும் இடத்தில் சேராதீர்கள், கூடவே கூட்டிப்போய் ஆஃபர் எழுதக் கற்றுக்கொடுக்கும் ஆள் இருக்கும் இடமாகப் பாருங்கள். நான் முதலில் சேர்ந்த இடத்தில் எனக்குக் கிடைத்த பயிற்சி, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டச் சொன்னதுதான்.

நான் 2007-ல் போனபோது மார்க்கம் ரோடு பக்கம் யாழ்ப்பாணத்து ஐயா ஒருவர் வீட்டுப் பேஸ்மென்டில் இருந்தேன். ஈழத்துத் தமிழர்களைப் பற்றி நம்மூர்க்காரர்கள் அங்கே பேசும் பேச்சு எனக்குப் பிடிக்காது. எண்பத்து மூன்றுக்குப் பின் கையில் ஒன்றுமில்லாமல் வந்து, அண்ணன் தம்பி சேர்ந்து ஒரு வீடு, அதை வைத்து இன்னொரு வீடு என்று ஊன்றியவர்கள் அவர்கள். நாம் பட்டமும் விசாவும் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டு அவர்கள் கடையில் முருங்கைக்காய் விலை அதிகம் என்கிறோம். பனி அள்ள எனக்குக் கற்றுக்கொடுத்ததே அந்த ஐயாதான். இடுப்பை வளைக்காமல் முழங்காலை மடக்கி அள்ள வேண்டும், பனி நிற்பதற்காகக் காத்திருக்கக் கூடாது. இப்போது எங்கள் தெருவில் முதலில் சுத்தமாவது என் வாசல்தான். நான் லைசென்ஸ் எடுக்கப் போவதாகச் சொன்னபோது அவர் சொன்னார்: "தம்பி, முதல்ல சனத்தோட கதைச்சுப் பழகும். வீடு தன்ர பாட்டில விக்கும்."

முதல் விற்பனையும் அவர் வழியாகத்தான் வந்தது, அவருடைய மருமகள் முறை அக்கா ஒருவர். அந்தக் குடும்பத்தில் மட்டும் நாலைந்து ஏஜென்ட்கள் இருந்தார்கள். ஒருவரிடம் கொடுத்தால் மற்றவர்களோடு மனஸ்தாபம் வரும் என்பதால்தான் ஊர் வேறு, உறவு இல்லாத என்னைக் கூப்பிட்டார். ஏஜாக்ஸில் வீடு. வாசலில் சாவி வைத்துப் பூட்டும் பெட்டி குளிரில் உறைந்து திறக்கவில்லை. அக்கா பிளாஸ்கிலிருந்த தேநீரைக் கொஞ்சம் ஊற்றினார், திறந்துகொண்டது. அதன்பின் அவர் அனுப்பிய ஆட்களே எனக்குப் பல வருடச் சோறு போட்டார்கள். போன வருடம் அவருடைய மகள் லைசென்ஸ் எடுத்தாள், அக்காவின் வீட்டை விற்கும் வேலை அவளுக்குத்தான் போனது. நான் போய் வாழ்த்திவிட்டு, விலை எப்படி வைக்கலாம் என்று அவள் கேட்டதற்குப் பதிலும் சொல்லிவிட்டு வந்தேன். காரில் திரும்பும்போது வழி முழுக்கப் புலம்பினேன் என்று என் மனைவி சொல்கிறாள்.