கை நனைச்ச வீடு

வணக்கம் அண்ணா. எனக்கு சொந்த ஊரு தேவகோட்டை, இப்ப சென்னையில வேலை. போன மாசம் காரைக்குடியில ஒண்ணுவிட்ட சொந்தத்துல ஒரு கல்யாணம். லீவு இல்ல, வரலன்னேன். அம்மா "கை நனைச்ச வீடுடி, போகாம இருக்க முடியாது"ன்னுட்டாங்க. ராத்திரி பஸ் ஏறி வந்தா தம்பி "அட்டெண்டன்ஸ் போட்டாச்சா"ன்னு சிரிக்கிறான், சித்தப்பா "தலையக் காட்டியாச்சுல்ல, மொய்ய எழுதிட்டு கிளம்பு"ங்கிறாரு. நானும்தான் சிரிச்சேன். ஆனா திரும்புறப்ப மனசு ஒரு மாதிரி இருந்துச்சு. கடமைக்குப் போறதும் அதையே கிண்டல் பண்றதும் போலித்தனம் இல்லையா? "கை நனைக்கிறது"ன்னா சரியா என்ன?

தேவகோட்டை வாசகி

அன்புள்ள தங்கச்சி,

ரெண்டாவது கேள்விய முதல்ல எடுத்துக்கிறேன், விஷயமே அதுலதான் இருக்கு. நம்ம பக்கம் சாப்பிடச் சொல்றதையே "கை நனைச்சுட்டுப் போங்க"ன்னுதான் சொல்லுவாங்க. பொண்ணு பார்க்கப் போற எடத்துல எம்புட்டு கெஞ்சுனாலும் சம்பந்தம் உறுதியாகுற வரைக்கும் கை நனைக்க மாட்டாங்க, பகையாகிப்போன பங்காளி வீட்டுலயும் நனைக்க மாட்டாங்க. அப்ப கை நனைஞ்சுடுச்சுன்னா உறவு உறுதியாச்சுன்னு அர்த்தம், அந்த வீட்டு நல்லது கெட்டதுக்கு நீ போய் நின்னுதான் ஆகணும். செஞ்சோத்துக் கடன்னு கர்ணனுக்கு சொல்றோமே, அதேதான், வீட்டுப் பேச்சுல வருது.

அந்த "கடன்"ங்கிற சொல்லையும் பாருங்க. புறநானூறு 312ல பொன்முடியார் பிள்ளையப் பெத்து வளர்க்கிறது "என்தலைக் கடனே"ங்கிறாங்க, அப்பர் "என் கடன் பணி செய்து கிடப்பதே"ங்கிறாரு, ரெண்டு பேருமே நெஞ்சை நிமித்திக்கிட்டு சொல்ற சொல்லு அது. இன்னைக்கு "கடனேன்னு செய்றான்"னா முகத்தத் தூக்கி வச்சுக்கிட்டு செய்றான்னு ஆகிப்போச்சு. எனக்கு இது வருத்தம்தான்.

நம்ம ஊரு பர்மா, மலேயா, இலங்கைன்னு போய் கொடுக்கல் வாங்கல் பண்ணுன ஊரு, பற்று வரவு பேரேடு எல்லாம் அடுப்படிப் பேச்சுலயே கலந்து கெடக்கும். எங்க தெரு ஆச்சி ஒருத்தவுக ஒரு விசேஷத்துக்கும் போகாம இருக்க மாட்டாக, கேட்டா "அவுக பேரேட்டுல நமக்குப் பற்று நிக்குதுப்பா"ம்பாக, நாம திருப்பிச் செய்ய வேண்டியது பாக்கி இருக்குன்னு அர்த்தம். எங்க வீட்டு பீரோவுல இன்னும் அந்த மொய் நோட்டு இருக்கு, நாலு மூலையிலயும் மஞ்சள், மேல பிள்ளையார் சுழி, முதல் வரியில தாய்மாமன். பத்திரிகைய வாங்குன கையோட அம்மா அந்த நோட்டத்தான் எடுப்பாங்க, பேரு மேல விரல வச்சு இறங்கிக்கிட்டே வந்து ஒரு எடத்துல நின்னு "101 எழுதியிருக்காக"ன்னு சொல்லிட்டு கொஞ்ச நேரம் பேசவே மாட்டாங்க, ஏன்னா அன்னைக்கு 101 பெரிய காசு, இன்னைக்கு 501ன்னா கூட காணாது. அந்தக் கடைசி ஒரு ரூபா எதுக்குன்னா பூஜ்யத்துல முடிஞ்சா உறவும் முடிஞ்ச மாதிரி, ஒண்ணு இருந்தா இன்னும் தொடருதாம். இங்கேருந்து வடகிழக்க புதுக்கோட்டை மாவட்டம் கீரமங்கலம், வடகாடு, அங்கிட்டு பேராவூரணி வரைக்கும் ஆடி மாசம் மொய் விருந்துன்னே தனியா நடக்குது, கல்யாணம் காதுகுத்து எதுவும் இல்லாமலே கறிச்சோறு போட்டு மொய் வாங்குவாங்க, வாங்குனத அடுத்தவர் விருந்துல திருப்பிச் செய்யாட்டி ஊருக்குள்ள பேரு போயிரும்.

இப்படி கட்டு இறுகி இருக்கிற எடத்துல கிண்டல் வராம எப்படி இருக்கும்? "உரல்ல தலைய விட்டாச்சு, உலக்கைக்குப் பயந்தா ஆகுமா", "பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறித்தான் ஆகணும்", இதெல்லாம் அலுத்துக்கிட்டே கிளம்புறவங்க சொன்னது. முணுமுணுத்துக்கிட்டே வேலை செய்றவனப் பார்த்தா "வேண்டா வெறுப்புக்குப் புள்ளையப் பெத்து காண்டாமிருகம்னு பேரு வச்சானாம்"னு பெருசுங்க ஒரு போடு போடும். ஒண்ணு கவனிச்சீங்களா, பழைய சொல்லுல உரல்ல தலைய விட்டது நான்தான், வாக்கப்பட்டது நான்தான். இப்ப வர்ற "கோத்து விட்டுட்டாங்க", "தலையில கட்டிட்டாங்க" எல்லாத்துலயும் செஞ்சது வேற யாரோ, நான் பாவம். எனக்கு பழசுதான் பிடிக்கும்.

போலித்தனமான்னு கேட்டீங்க, இல்லம்மா. கிண்டல் பண்ணிக்கிட்டே ராத்திரி பஸ் ஏறி வந்துட்டீங்களே, அதுல என்ன போலி இருக்கு. வராம இருந்துட்டு வாட்ஸாப்ல நாலு பூ அனுப்புறதத்தான் என்னால ஏத்துக்க முடியல. ஆனா அந்தக் கிண்டல் பேச்சு நம்ம வீட்டு வாசலோட நிக்கணும். கண்டனூர் பக்கம் ஒரு கேதத்துக்குப் போயிருந்தேன், முகப்புத் திண்ணையில ஒரு பையன் போன்ல "சும்மா தலையக் காட்டிட்டு வந்துர்றேன் மாப்ள"ங்கிறான், ஜன்னலுக்கு அந்தப் பக்கம் புருஷன பறிகொடுத்த அம்மா உட்காந்திருக்கு, காதுல விழுந்துருச்சு. அவன் உள்ள வந்து கையைத் தொட்டப்ப அது சொன்னது இதுதான், "வந்தியேப்பா, அது போதும், ஒரு வாய் காப்பித்தண்ணி குடிச்சுட்டுப் போ". அவன் அன்னைக்கு ராத்திரி வரைக்கும் கிளம்பல, வர்றவங்களுக்கு சேரு எடுத்துப் போட்டுக்கிட்டு அங்கயேதான் நின்னான்.

அடுத்த தடவ ஊருக்கு வர்றப்ப உங்க வீட்டு மொய் நோட்ட எடுத்து அம்மாகிட்ட உட்காந்து ஒவ்வொரு பேரா யாருன்னு கேளுங்க. இந்த மாதிரி வேற சொல்லு ஏதும் அம்மா வாயில வந்துச்சுன்னா எனக்கும் எழுதி அனுப்புங்க, சேத்து வச்சுக்கிறேன்.

அன்புடன்,
அண்ணன்