பேக்கிங் மாற்றியும் ஒழுகும் என்ஜின்: பட்டறைக்காரர் பொறுப்பா?

கேள்வி: என் அப்பாவின் பெயரில் உள்ள 2004 மாடல் ஹீரோ ஹோண்டா ஸ்பிளெண்டரில் கிளட்ச் கவர் ஓரமாக ஆயில் கசிந்தது. பட்டறையில் பேக்கிங் (மூடிக்கும் என்ஜினுக்கும் இடையில் கசிவைத் தடுக்க வைக்கும் காகிதம்) மாற்றினார்கள். 1,450 ரூபாயைக் கைப்பேசி வழியாக நான் அனுப்பினேன், பில் தரவில்லை. பத்தே நாளில் முன்னைவிட அதிகமாக ஒழுகியது. “பழைய வண்டி சார், அப்படித்தான்” என்றார் பட்டறைக்காரர். அடுத்த வாரம் என்ஜின் இறுகி வழியில் நின்றுவிட்டது. அதே பட்டறைக்கு ஏற்றி அனுப்பினேன். என்னைக் கேட்காமலே என்ஜினை அவிழ்த்துவிட்டு, 3,200 ரூபாய் கொடுத்தால்தான் வண்டியைத் தருவேன் என்கிறார். வழக்குப் போடலாமா? – வாசகர், திண்டுக்கல்

பதில்: போடலாம். வண்டிக்கு வயதாகிவிட்டது என்பது அரைகுறை வேலைக்குப் பதில் ஆகாது. இருபது வருட வண்டி என்று தெரிந்துதான் அவர் வேலையை ஏற்றார், கூலியும் வாங்கினார். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி இது சேவைக் குறைபாடு. பில் இல்லாததால் கலங்க வேண்டாம். இலவசச் சேவைக்குத்தான் அந்தச் சட்டம் பொருந்தாது. உங்கள் வங்கிக் கணக்கில் இருக்கும் 1,450 ரூபாய் வரவு செலவே போதிய சான்று. வண்டி அப்பாவின் பெயரில் இருப்பதும் தடையில்லை. பணம் கொடுத்துச் சேவை பெற்றவர் நீங்கள்.

வழக்கின் உயிர் அந்தக் கிளட்ச் கவர் மூடியின் விளிம்பில் இருக்கிறது. பொறுமையுள்ள மெக்கானிக், ஒட்டிக்கொண்ட மூடியை ரப்பர் சுத்தியலால் தட்டி அசைத்து எடுப்பார். பழைய பேக்கிங் காகிதத்தைக் கீறல் விழாமல் சுரண்டுவார். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக முறுக்குவார். அவசரக்காரர் ஸ்க்ரூ டிரைவரை இடுக்கில் செருகி நெம்புவார். அலுமினியம் மென்மையானது, பள்ளம் விழும். அதை மறைக்கக் கசிவடைக்கும் பேஸ்ட்டை அப்புவார். விரல் நகத்தை விளிம்பின் மேல் ஓட்டிப் பாருங்கள், தட்டுப்படும். போல்ட் மரை தேய்ந்திருக்கிறதா, பிதுங்கிய பேஸ்ட் உள்ளே ஆயில் போகும் துவாரத்தில் ஒட்டியிருக்கிறதா என்றும் பாருங்கள். படம், காணொளி எடுத்து, வேறொரு மெக்கானிக்கிடம் எழுத்தில் கருத்து வாங்குங்கள். வெறும் வாய்ச்சொல் நுகர்வோர் ஆணையத்தில் நிற்காது.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். ஒழுகுவது தெரிந்தும் ஒரு வாரம் ஓட்டியிருக்கிறீர்கள். ஆயில் அளவுக் குச்சியை எடுத்துப் பார்த்தீர்களா என்பதுதான் எதிர்த்தரப்பின் முதல் கேள்வியாக இருக்கும். பார்க்கவில்லையென்றால் என்ஜின் செலவு முழுவதும் கிடைக்காமல் போகலாம். பேக்கிங் கூலியைத் திரும்பக் கேட்பதில் அந்தச் சிக்கல் இல்லை.

3,200 ரூபாய் விவகாரம் தனி. 1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 170-ஆவது பிரிவு, பொருளின் மீது உழைப்பையோ திறமையையோ செலுத்தியவர் கூலி வரும்வரை அதை வைத்துக்கொள்ள உரிமை தருகிறது. ஆனால் அந்த வேலை, பொருளை ஒப்படைத்த நோக்கத்துக்கு உட்பட்டதாக இருக்க வேண்டும். நீங்கள் சொல்லாத வேலைக்கு இந்த உரிமையைக் கோருவது கடினம். காவல் நிலையம் போனால் ‘சிவில் விவகாரம்’ என்று திருப்பி அனுப்பவே வாய்ப்பு அதிகம். வண்டி அவசரமாகத் தேவையென்றால், ‘ஆட்சேபத்துடன் செலுத்துகிறேன்’ என்று குறுஞ்செய்தி அனுப்பிவிட்டுப் பணத்தைக் கட்டி மீட்டுவிடுங்கள்; அதையும் புகாரில் கேட்கலாம்.

ஒப்புகையுடன் விரைவு அஞ்சலில் நோட்டீஸ் அனுப்பி, பதினைந்து நாள் பொறுங்கள். பதில் இல்லையென்றால் மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்துக்குப் போங்கள். நீங்கள் வசிக்கும் மாவட்டத்திலேயே தாக்கல் செய்யலாம்; இரண்டு ஆண்டுக் கெடு உண்டு; சேவைக்குக் கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால் தாக்கல் கட்டணம் இல்லை; வழக்கறிஞரும் கட்டாயமில்லை. (இதைச் சொல்வதால் என் தொழிலுக்கு நஷ்டம்தான்.) மன உளைச்சலுக்கு ஐந்து லட்சம் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள், 1,450 ரூபாய் வழக்கில் அந்த எண்ணைப் பார்த்ததும் உங்கள் மற்ற கோரிக்கைகளின் மதிப்பும் குறைந்துவிடும்.

வண்டியின் பதிவுச் சான்று (ஆர்.சி.) பதினைந்து ஆண்டுக்குப் பிறகு புதுப்பிக்கப்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், அதையும் கிளறுவார்கள். ஆனால் நாளை காலை முதல் வேலை, பட்டறைக்குப் போவதுதான். அவர் அந்த மூடியை மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்துவிட்டால், பேஸ்ட் தடயமெல்லாம் அதோடு போய்விடும்.