மழையில் மங்கும் பின்பக்கக் கண்ணாடி: வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: ஐயா, என்னுடைய கார் ஹேட்ச்பேக் வகையைச் சேர்ந்தது. மழையில் ஓட்டும்போது முன்பக்கக் கண்ணாடி தெளிவாகவே இருக்கிறது. பின்பக்கக் கண்ணாடியோ சில நிமிடங்களிலேயே மங்கிவிடுகிறது. பின்னால் வரும் வண்டியின் விளக்கு கலங்கலாகத் தெரிவதோடு சரி. வைப்பரை ஓடவிட்டாலும் முழுதாகத் தெளிவதில்லை. நீர் ஒட்டாத பூச்சு பூசுங்கள் என்கிறார் ஒருவர். கண்ணாடியிலுள்ள மெல்லிய கோடுகளைச் சூடாக்கி ஆவியைப் போக்கும் டிஃபாகரைப் போடுங்கள் என்கிறார் இன்னொருவர். உருளைக்கிழங்கை வெட்டித் தேயுங்கள் என்கிறார் மற்றொருவர். நான் எதைச் செய்வது?

பதில்: மூவரும் வெவ்வேறு கோளாறுகளுக்கு வைத்தியம் சொல்லியிருக்கிறார்கள். உங்களுடைய கோளாறு எது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். அடுத்த முறை கண்ணாடி மங்கும்போது வண்டியைப் பாதுகாப்பான இடத்தில் ஓரமாக நிறுத்திவிட்டு, கண்ணாடியின் உட்புறத்தில் விரலால் ஒரு கோடு இழுத்துப் பாருங்கள். கோடு விழுந்த இடம் தெளிந்து, விரல் நனைந்தால் உள்ளே ஆவி படிந்திருக்கிறது என்று பொருள். கோடே விழவில்லை என்றால் மங்கல் வெளிப்புறத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் ஆவியை எந்த வைப்பராலும் துடைக்க முடியாது. வெளியே படிந்த சேற்றுத் துளியை ஏசியால் விரட்ட முடியாது. கனமழையில் இரண்டும் சேர்ந்தே வருவதும் உண்டு.

வெளிப்புற மங்கலுக்கு உங்கள் காரின் வடிவமும் ஒரு காரணம். ஹேட்ச்பேக், எஸ்யூவி போன்ற வண்டிகளின் பின்புறம் ஏறக்குறைய செங்குத்தாக முடிவதால், கூரையின் மேல் ஓடிவரும் காற்று கண்ணாடியைத் தழுவி இறங்காமல் அப்படியே பிரிந்து போய்விடுகிறது. அதனால் வண்டிக்குப் பின்னால் காற்றழுத்தம் குறைந்து ஒரு சுழல் உண்டாகிறது. சக்கரங்கள் வாரியிறைக்கும் தண்ணீரையும் மண்ணையும் அந்தச் சுழல் மேலே இழுத்துக் கண்ணாடியில் அப்பிவிடுகிறது. மழை நின்ற பிறகு ஈரச்சாலையில் போகும்போதும் பின்பக்கக் கண்ணாடி அழுக்காவது இதனால்தான். இந்த வண்டிகளுக்குப் பின்பக்க வைப்பர் வைப்பதும், செடான்களில் பெரும்பாலும் அதை வைக்காமல் விடுவதும் இந்தக் காற்றோட்ட வேறுபாட்டை ஒட்டித்தான்.

வைப்பர் ஓடியும் தெளியவில்லை என்றால் அதன் ரப்பரைச் சந்தேகியுங்கள். முன்பக்க வைப்பரை மாற்றும் பலர் பின்பக்கத்தில் ஒன்று இருப்பதையே மறந்துவிடுகிறார்கள். அது வெயிலில் காய்ந்து, விளிம்பு இறுகி, துடைப்பதற்குப் பதிலாகக் கோடு போட்டுக்கொண்டிருக்கும். ரப்பரின் விளிம்பை விரல் நுனியால் நீளவாக்கில் தடவிப் பாருங்கள். வெடிப்போ சொரசொரப்போ தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள். பின்பக்க வாஷரும் வேலை செய்ய வேண்டும், ஏனென்றால் அங்கே படிவது வெறும் மழைநீர் அல்ல, மண் கலந்த நீர். அதைத் தண்ணீர் பீய்ச்சாமல் துடைத்தால் மண்துகள் கண்ணாடியைக் கீறும். வாஷர் துளை அடைத்திருந்தால் மெல்லிய ஊசியால் குத்திவிட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும். மோட்டார் ஓடும் சத்தம் கேட்டும் தண்ணீர் வரவில்லை, கூரையின் உட்துணி மட்டும் நனைகிறது என்றால், பின்பக்கம் நோக்கிப் போகும் குழாய் வழியில் எங்கோ கழன்றிருக்கிறது. அதை மெக்கானிக்கிடம் உடனே காட்டுங்கள்.

உட்புற மங்கலுக்குக் காரணம் ஈரம். ஒரு மனிதர் மூச்சின் வழியாக மட்டும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 300 முதல் 400 மில்லிலிட்டர் நீரை வெளியேற்றுகிறார். நனைந்த உடையும் சொட்டும் குடையும் ஊறிய மிதியடியும் சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். ஏசியைப் போட்டு, உள்காற்றையே சுழற்றும் பொத்தானை அணைத்து, வெளிக்காற்றை உள்ளே விடுங்கள். ஏசியின் வேலை குளிர்விப்பது மட்டுமன்று. காற்றிலுள்ள ஈரத்தைப் பிழிந்து வெளியேற்றுவதும் அதுவே. காற்று குளிராக வர வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஏசி ஓட, வெப்பநிலையைக் கூட்டி வைத்தால் உலர்ந்த, வெதுவெதுப்பான காற்று கிடைக்கும். கண்ணாடி அதில் விரைவாகத் தெளியும். உள்ளே வரும் காற்று வெளியேறும் வழி பெரும்பாலான கார்களில் டிக்கிப் பகுதியின் பக்கச்சுவரில் இருக்கும். அந்த இடத்தைச் சாமான்களால் அடைத்துவிட்டால், உலர்ந்த காற்று பின்பக்கம்வரை போய்ச் சேராது.

உருளைக்கிழங்கை விட்டுவிடுங்கள். அதன் சாறு சிறிது நேரத்திற்கு நீரைத் துளியாகத் திரளவிடாமல் பரவச் செய்யலாம், ஆனால் கண்ணாடியில் தங்கும் படலம் தூசியைப் பிடித்து, இரவில் எதிர்வரும் வெளிச்சத்தைச் சிதறடிக்கும்.

கேள்வி: நீர் ஒட்டாத பூச்சு முன்கண்ணாடியில் பிரமாதமாக வேலை செய்கிறது. அதையே பின்பக்கக் கண்ணாடியிலும் பூசினேன். முன்பைவிட மோசமாகத் தெரிகிறதே, ஏன்?

பதில்: பூச்சின் மேல் குற்றமில்லை. அது நீரைத் தன்மேல் பரவவிடாமல் முத்து முத்தாகத் திரட்டுகிறது. முன்கண்ணாடியில் அந்த முத்துக்களை எதிர்க்காற்று மேலே தள்ளி விரட்டிவிடும். வேகம் கூடக் கூட இது நன்றாக நடக்கும். செங்குத்தான பின்பக்கத்தில் அப்படித் தள்ளும் காற்று இல்லை. பெரிய துளிகள் தம் எடையால் உருண்டு விழுந்துவிடும், ஆனால் சக்கரம் கிளப்பும் பொடித்துளிகள் உருள்வதற்குப் போதிய எடையில்லாமல் அங்கேயே நிற்கும். ஒவ்வொரு துளியும் ஒரு குட்டி லென்ஸ் போல வெளிச்சத்தை வளைத்துச் சிதறடிப்பதால், பின்னால் ஒரே விளக்கு வந்தாலும் உங்களுக்கு நூறு விளக்காகத் தெரிகிறது. இதற்கு மாறாக, எண்ணெய்ப் பசை அறவே இல்லாத சுத்தமான கண்ணாடியில் நீர் மெல்லிய தகடுபோலப் பரவி வழியும். அதன் ஊடாகப் பார்ப்பது எளிது.

ஆகவே, செங்குத்தான கண்ணாடியில் வைப்பரும் இருந்தால் பூச்சு தேவையில்லை என்பதே என் கருத்து. அதற்குச் செலவழிக்கும் உழைப்பைக் கண்ணாடியைச் சுத்தம் செய்வதில் காட்டுங்கள். ஷாம்பூ நீரால் கழுவிய பிறகும் நீர் திட்டுத்திட்டாகப் பிரிந்தால் எண்ணெய்ப் படலமோ பழைய பூச்சோ எஞ்சியிருக்கிறது. சீரியம் ஆக்சைடு கலந்த கண்ணாடிப் பாலிஷால் ஈரமாகவே மெல்லத் தேய்த்தால் அது போகும். வெளிப்புறத்தில் மட்டும் செய்யுங்கள். உட்புறத்தில் டிஃபாகர் கோடுகள் இருப்பதால் பாலிஷ் அங்கே ஆகாது. சாய்ந்த கண்ணாடியுடைய செடானில் நிலைமை வேறு: அங்கே காற்று ஓரளவு கண்ணாடியை ஒட்டியே செல்வதால், வைப்பர் இல்லாத குறையைப் பூச்சு உண்மையிலேயே ஈடுசெய்யும்.

கேள்வி: டிஃபாகரைப் போட்டால் எல்லாக் கோடுகளும் வேலை செய்கின்றன, நடுவில் ஒரு கோட்டின் நெடுகிலும் மட்டும் ஆவி அப்படியே நிற்கிறது. கண்ணாடியையே மாற்ற வேண்டுமா?

பதில்: வேண்டாம். அந்தக் கோடுகள் வெள்ளி கலந்த பசையால் கண்ணாடியில் அச்சிட்டுச் சுட்டெடுக்கப்பட்டவை. எல்லாக் கோடுகளும் இரு ஓரப் பட்டைகளுக்கு இடையே தனித்தனியாக இணைக்கப்பட்டிருப்பதால், ஒன்று அறுந்தாலும் மற்றவை வேலை செய்யும். அறுந்த இடம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குச் சிறியதாக இருக்கலாம். மல்டிமீட்டரால் அதைப் பிடித்துவிடலாம். என்ஜினை ஓடவிட்டு டிஃபாகரைப் போடுங்கள். மீட்டரின் எதிர்முனையை வண்டியின் உடலிலுள்ள பெயிண்ட் இல்லாத உலோகத்தில் வையுங்கள். நேர்முனையின் நுனியில் அலுமினியத் தாளைச் சுற்றி, கோட்டின் மேல் ஓரத்திலிருந்து மெல்ல நகர்த்துங்கள். தாள் சுற்றாத கூர்முனை நல்ல கோட்டையும் கீறிவிடும். அறுபடாத கோட்டில் மின்னழுத்தம் 12 வோல்ட்டை ஒட்டித் தொடங்கி, நடுவில் 6 அளவுக்கு வந்து, மறு ஓரத்தில் பூஜ்யத்தை நெருங்கும். அறுந்த கோட்டிலோ, இப்படிச் சீராக இறங்காமல் ஓரிடத்தில் 12-க்கும் பூஜ்யத்துக்கும் இடையே ஒரே தாவலாகத் தாவும். அந்த இடம்தான் வெட்டு.

பிறகு டிஃபாகரை அணைத்துவிட்டு அங்கே துடைத்துச் சுத்தம் செய்து, கோட்டின் மேலும் கீழும் ஒட்டுநாடா ஒட்டி, மின்சாரம் கடத்தும் வெள்ளிப் பெயிண்ட்டை வெட்டின் இருபுறமும் சற்று நீளுமாறு பூசுங்கள். ஒரு நாள் முழுக்கக் காயவிட்ட பிறகே டிஃபாகரைப் போட வேண்டும். இனிமேல் உட்புறத்தைத் துடைக்கும்போது மென்துணியால் கோடுகளின் போக்கிலேயே துடையுங்கள், குறுக்கே வேண்டாம். பழைய சன் ஃபிலிமை உரித்தெடுக்கும்போது கோடுகளும் சேர்ந்து பிய்ந்து வருவது அடிக்கடி நடக்கிறது.

எல்லாக் கோடுகளுமே செத்துவிட்டால் வழி வேறு. ஃபியூஸ், ரிலே, ஓரப் பட்டையில் ஒட்டியிருக்கும் இணைப்பு ஆகியவற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். ஹேட்ச்பேக்கில் பின்கதவுக் கீலருகே ரப்பர் குழலுக்குள் செல்லும் வயர்கள், கதவைத் திறந்து மூடித் திறந்து மூடி, உள்ளுக்குள்ளேயே அறுந்திருக்கலாம். டிஃபாகர் ஏறக்குறைய 10 முதல் 20 நிமிடங்களில் தானாக அணைவதைக் கோளாறு என்று எண்ண வேண்டாம். அது நிறைய மின்சாரம் இழுப்பதால் டைமர் வைத்திருக்கிறார்கள்.

கேள்வி: ஏசி போட்டால் ஆவி போகும் என்கிறீர்கள், எனக்கு ஏசி போட்ட பிறகுதான் கண்ணாடி மங்குகிறது. உள்ளே துடைத்தாலும் போகவில்லை.

பதில்: உங்களுடையது வெளிப்புற ஆவி. வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸும் 80 சதவீத ஈரப்பதமும் கொண்டிருந்தால், கண்ணாடி 26 டிகிரிக்குக் கீழே குளிர்ந்தாலே அதன் வெளிப்புறத்தில் நீர் படியத் தொடங்கிவிடும். ஏசியின் குளிரைக் குறையுங்கள். கண்ணாடியை நோக்கிக் காற்று அடித்தால் திசையை மாற்றுங்கள். அதுவரைக்கும் வைப்பரை ஒருமுறை ஓட்டினால் போதும். டிஃபாகரும் கண்ணாடியையே சூடாக்குவதால் இங்கே உதவும்.

கேள்வி: என் செடானில் பின்பக்க வைப்பர் இல்லை. வெளியில் வாங்கிப் பொருத்தலாமா?

பதில்: கண்ணாடியில் துளையிட்டுப் பொருத்தும் யோசனை வேண்டாம். பின்பக்கக் கண்ணாடி பெரும்பாலும் பதப்படுத்திய கண்ணாடி. துளைக்கும் கருவி பட்ட மாத்திரத்தில் முழுதும் நொறுங்கி விழும். துளையுள்ள கண்ணாடிகளில் பதப்படுத்துவதற்கு முன்பே துளை போட்டுவிடுகிறார்கள். மேலே சொன்ன பூச்சைப் பூசிக்கொள்ளுங்கள். பக்கவாட்டு மிரர்களைச் சரியான கோணத்தில் வையுங்கள். பின்பக்கக் கேமரா இருந்தால் புறப்படும் முன் அதன் லென்ஸைத் துடைத்துவிடுங்கள்.