“நல்லாத்தானே இருக்கேன்”: பிரஷர் செக்கப்புக்குப் போக மறுக்கும் அப்பா

கேள்வி: அப்பாவுக்கு 57 வயது. விழுப்புரம் பக்கம் சென்டரிங் வேலை. போன வருடம் பி.பி. 170/100 இருந்ததால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை கொடுத்தார்கள். மூன்று மாதம் ஒழுங்காகப் போனார், அப்புறம் நின்றுவிட்டார். கேட்டால் “எனக்கென்ன, நல்லாத்தானே இருக்கேன்” என்கிறார். எப்படி அழைத்துப் போவது?

பதில்: அவர் பொய் சொல்லவில்லை. உயர் ரத்த அழுத்தம் பெரும்பாலும் எந்தத் தொந்தரவும் காட்டாது. வலி இருந்தால் யாரும் கூப்பிடாமலே போயிருப்பார். அதனால் பக்கவாதம் வரும் என்று பயமுறுத்துவதை விட்டுவிட்டு, போகாததற்கு என்ன காரணம் என்று நிதானமாகக் கேளுங்கள்.

மாத்திரை இலவசம்தான், ஆனால் அந்த நாள் இலவசமில்லை. ஓ.பி. சீட்டு, பி.பி. பார்க்க ஒரு வரிசை, மருந்து வாங்க இன்னொரு வரிசை என்று முடிப்பதற்குள் அன்றைய கூலி போய்விடும். மேஸ்திரியும் வேறு ஆளைப் பார்த்துவிடுவார்.

வெளியே சொல்லாத காரணங்களும் உண்டு. பி.பி. மாத்திரைகளில் அம்லோடிபின் சிலருக்குக் கணுக்காலை வீங்க வைக்கும். எனலாபிரில் வறட்டு இருமல் தரும். நீர் பிரியும் மாத்திரை போட்டால், கழிப்பறை இல்லாத கட்டடத்தில் பெரும் அவஸ்தை. தாம்பத்தியத்தில் குறை தெரிந்தால் பிள்ளையிடம் வாயே திறக்க மாட்டார். இதற்கெல்லாம் மாத்திரையை மாற்றித் தர முடியும் என்பதே பலருக்குத் தெரியாது.

நான் அதிகம் பார்ப்பது இன்னொன்று. ஒரு தேதி தவறிவிடும். போனால் நர்ஸ் திட்டுவாரோ என்ற கூச்சத்தில் அடுத்த மாதமும் தள்ளிப்போகும். அப்படியே அரை வருடம் ஓடிவிடும். வருகிறவரைத் திட்டுவது மருத்துவப் பணியில் இருக்கும் எங்கள் தவறு, அது மாற வேண்டும். ஒருமுறை நீங்கள் மட்டும் போய் நர்ஸிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு, அப்புறம் அவரைக் கூட்டிப்போங்கள். இரண்டு மாத மாத்திரை சேர்த்துக் கிடைக்குமா என்றும் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் பெயர் சேர்த்தால், தன்னார்வலர்கள் வீட்டுக்கே வந்து பி.பி. பார்த்து மாத்திரை தருவார்கள்.

பழைய சீட்டைக் காட்டி மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போடுகிறாரா என்றும் பாருங்கள். அதே டோஸ் இப்போது போதுகிறதா என்று அளந்தால்தான் தெரியும். டெல்மிசார்டான் போன்ற மாத்திரைக்கு அவ்வப்போது ரத்தத்தில் கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் அளவு), பொட்டாசியமும் பார்க்க வேண்டும். மாத்திரையை அடியோடு நிறுத்தியிருந்தால், மிச்சம் இருப்பதைத் தானாகத் தொடங்க வேண்டாம், முதலில் பி.பி. பார்க்கட்டும். நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், பேச்சுக் குழறல், ஒரு பக்கக் கை கால் தளர்ச்சி என்று எது வந்தாலும் காத்திருக்காமல் 108.

மாத்திரை போட்டுக்கொண்டிருப்பவர் என்றால், செக்கப் அன்றும் காலை பி.பி. மாத்திரையைத் தண்ணீருடன் போட்டுக்கொண்டுதான் போகட்டும். சுகர் டெஸ்டுக்கு வெறும் வயிறு என்று அதையும் விட்டுவிடுகிறார்கள், பி.பி. ஏறிக் காட்டி, தேவையில்லாமல் டோஸ் கூடிவிடுகிறது.