பேக்கப் சர்வர் பணியில் மகள் தேங்கிவிடுவாரா? ஒரு தந்தைக்குப் பதில்

மதிப்பிற்குரிய ஐயா,

பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்த உங்கள் மகளுக்குப் பேக்கப் சர்வர்களை, அதாவது நிறுவனத்தின் தரவுக்கு மாற்று நகல் எடுத்து வைக்கும் கணினிகளைப் பராமரிக்கும் பணி கிடைத்திருப்பதாகவும், நிரல் எழுதாத வேலையில் அவர் தேங்கிவிடுவாரோ என்று நீங்கள் அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அந்தப் பணியின் உள்விவரம் தெரிந்தால் அச்சம் பெருமளவு குறையும்.

ஒரு நிறுவனம் 1 டெராபைட் தரவை நாள்தோறும் முழுமையாக நகலெடுத்து 30 நாள் வைத்திருந்தால் 30 டெராபைட் இடம் வேண்டும். அன்றாடம் மாறுவது 2 விழுக்காடுதான் என்று கொண்டால், மாறாததை மீண்டும் எழுதாமல் விட்டாலே ஏறத்தாழ 1.6 டெராபைட்டில் முப்பது நகல்களும் அடங்கிவிடும். தரவைப் பிளாக்குகள் எனும் சிறு துண்டுகளாக வெட்டி, ஒவ்வொன்றுக்கும் கைரேகை போன்ற ஹாஷ் என்ற குறியெண்ணைக் கணக்கிட்டு, முன்பே இருக்கும் பிளாக்குக்கு அதன் இடத்தைக் காட்டும் சுட்டியை மட்டும் பதிந்துகொள்ளும் இம்முறைக்கு டீடூப்ளிகேஷன் என்று பெயர். இதையே தொழிலாகக் கொண்டு 2001-இல் தொடங்கிய டேட்டா டொமைன் நிறுவனத்தை, 2009-இல் தரவுச் சேமிப்பு நிறுவனமான இஎம்சி 200 கோடி டாலருக்கு மேல் கொடுத்து வாங்கியது.

திறமை தேவைப்படும் இடம் சர்வரின் அமைப்பில்தான் இருக்கிறது. பிளாக்கைச் சிறிதாக்கினால் இன்னும் மிச்சமாகும் என்று தோன்றும். ஆனால் ஹாஷ் பட்டியலை நினைவகத்தில் (ரேம்) வைத்திருக்க வேண்டும்; டீடூப்ளிகேஷன் வசதியுள்ள இசட்எஃப்எஸ் கோப்பு முறைமையில் ஒரு பிளாக்குக்குச் சுமார் 320 பைட் நினைவகம் என்பது நெடுநாள் கணக்கு. அதன்படி 1 டெராபைட்டை 128 கிலோபைட் பிளாக்குகளாக வெட்டினால் 2.5 ஜிகாபைட் ரேம் போதும், 8 கிலோபைட்டாக வெட்டினால் 40 ஜிகாபைட் வேண்டும். அவ்வளவு ரேம் இல்லாத சர்வர், தரவை எழுதும் ஒவ்வொரு முறையும் பட்டியலுக்காக வட்டைத் தேடி ஓடி, விடிந்தும் பேக்கப் முடியாமல் நிற்கும். தரவை முன்கூட்டியே என்கிரிப்ட் செய்து (பிறர் படிக்க முடியாதபடி மறையாக்கி) அனுப்பினால், ஒரே கோப்பும் ஒவ்வொரு முறையும் வேறாகத் தெரிவதால் மிச்சம் ஏதும் கிடைக்காது. எல்லாவற்றையும்விட நான் அழுத்திச் சொல்ல விரும்புவது, முப்பது நகல்களும் ஒரே பிளாக்கைச் சுட்டும்போது அந்தப் பிளாக் கெட்டால் முப்பதும் கெடும் என்பதையே. எனவே வேறோர் இடத்தில் இரண்டாம் பிரதி வைப்பதும், மீட்டெடுத்துப் பார்ப்பதும் இப்பணியில் தவிர்க்கவே முடியாதவை.

பணியில் சேரும் வரை, வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியில் லினக்ஸ் நிறுவி, இலவசமாகக் கிடைக்கும் போர்க் பேக்கப் என்ற டீடூப்ளிகேஷன் மென்பொருளில் அவர் பழகட்டும். ஒரே கோப்புறையை இருமுறை நகலெடுத்து இடத்தை அளந்து பார்க்கட்டும். பழைய நகலை நீக்கிய பின்னும், காலி இடத்தை மீட்கும் காம்பேக்ட் கட்டளை தரும்வரை இடம் திரும்பாததையும் கவனிக்கட்டும். கூடவே பைத்தானோ ஷெல் ஸ்கிரிப்டோ தெரிந்தால் நிரல் எழுதும் வாய்ப்பும் இங்கேயே உருவாகும்.

பேக்கப் பெரும்பாலும் இரவில் ஓடுவதால் இரவுப் பணி இருக்கும். போக்குவரத்து ஏற்பாட்டை எழுத்துப்பூர்வமாகக் கேட்டு வாங்குங்கள். தோல்வியுற்ற ஜாப்களை (பேக்கப் ஓட்டங்களை) மறுபடி ஓடவிடுவது மட்டும்தான் வேலையா, சர்வர் அமைப்பிலும் மீட்புச் சோதனையிலும் பங்கு உண்டா என்பதை உங்கள் மகளே நேரில் கேட்கட்டும். முதலாவது மட்டும்தான் என்றால், ஓராண்டுக்கு மேல் அங்கே இருக்க வேண்டாம் என்பது என் கருத்து.